அளவுக்கு ஓர் ஆள்

— நாப்பத்தோரு படம். ரெண்டு தடவை எண்ணிட்டேன். நாப்பத்தோரு படத்துலயும் உங்க ஆபீஸ்ல புதுசா சேந்த அவதான் நிக்கறா.

— அவ நிக்கலை. அளவு நிக்குது.

— அளவு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டா நிக்கும்?

— மலைமேல வெயில் மண்டையைப் பொளக்குது, போட்டுக்கிட்டா. எத்தனை தடவைதான் சொல்றது உனக்கு? வெறும் பாறையைப் படம் எடுத்தா அது வீட்டு உசரமா, செங்கல் உசரமான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரு பொருள் பக்கத்துல இருக்கணும். சின்னக் கல்லுன்னா பேனா வைப்போம். கொஞ்சம் பெருசுன்னா சுத்தியல். பெரிய பாறைன்னா ஆளை நிறுத்துவோம். தொழில் முறைப்படி அதுதான் வழக்கம்.

— தொழில் முறைப்படி கீழ என்ன அடிக்கச் சொல்லியிருக்கீங்க பாருங்க. "அளவுக்கு: பெண், உயரம் 162 செ.மீ." அடேயப்பா. பேரைக்கூடச் சொல்ல மனசு வரலை.

— பேரு போட்டா மட்டும் நீ சும்மா விட்டிருப்பியா?

— உசரம் எப்படித் தெரிஞ்சுது? டேப் வெச்சு அளந்தீங்களோ?

— அவளையே கேட்டேன், சொன்னா. இங்க பாரு, அஞ்சு மணிக்கு ஆபீஸ் ஜீப் உன் கடை வாசல்ல வந்து நிக்கும். மூணு பிரதி, ஸ்பைரல் பைண்டிங். டைரக்டர் சாயங்கால ரயில்ல கையோட எடுத்துக்கிட்டுப் போறாரு. நான் மார்க் போட்ட ஏழு இடத்துல எது முதல் வருதோ, அந்த இடத்துக்குப் படிக்கட்டு, நின்னு பாக்க மேடை, டிக்கெட் ஜன்னல் எல்லாம் இந்த மாசமே கட்ட ஆரம்பிச்சுடுவாங்க. பதினெட்டு வருஷமா பாறையைத் தட்டித் தட்டி எழுதிக் குடுக்கறேன். எல்லாம் பீரோவுக்குள்ள போச்சு. இப்பதான் முதல் தடவையா, நான் சொல்ற இடத்துக்கு ஜனங்க வந்து பாக்கப் போறாங்க. அதுல மண்ணை அள்ளிப் போடாதே.

— நான் அடிக்க மாட்டேன்னா சொன்னேன்? ஊரு உலகத்து அறிக்கையெல்லாம் இந்தக் கடையிலதான் டைப் ஆகுது. கட்டினவர் அறிக்கைக்கு மட்டும் கை வலிக்குமா? ஆனா அடிக்கிறவளுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அதை என்ன பண்றது?

— தங்கச்சி, நம்ம ஜெராக்ஸ் என்ன ஆச்சும்மா? பத்து மாப்பிள்ளை, பதினொரு பொண்ணு. கல்யாணத் தரகன் கையில காகிதம் இல்லாம ஒரு வீட்டு வாசப்படியும் மிதிக்க முடியாது பாருங்க.

— மெஷின் சூடேறிடுச்சு அண்ணே. பத்து நிமிஷம் உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், அது ஆடும்.

— நான் நின்னுக்கறேன், எனக்கென்ன. அடடே, கம்ப்யூட்டர்ல யாரு இது? பொண்ணு லட்சணமா இருக்கு. உசரம் எவ்வளவு?

— நூத்தி அறுபத்திரண்டு. கீழயே போட்டிருக்கு அண்ணே.

— உசரத்தோட போட்டிருக்காங்களா! பரவாயில்லையே, முறை தெரிஞ்சவங்க. என்ன படிப்பு? உத்தியோகம்?

— ஐயா, அது வரன் படம் இல்லீங்க. பாறை படம்.

— பாறையா? எங்க இருக்கு பாறை? ஆமா, பின்னாடி இருக்கு. தப்பா நினைக்காதீங்க தம்பி, எனக்குப் பொண்ணுதான் கண்ணுல பட்டுது.

— கேட்டீங்களா? மூணாவது மனுஷர் சொல்றாரு.

— அவரு தொழில் அது. டாக்டர் எதைப் பாத்தாலும் வியாதி தெரியும்.

— சரி, அதை விட்டுடறேன். மார்க்குக்கு வாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் "அழகு"ன்னு ஒரு கட்டம், அஞ்சுக்கு. பாறை வளைவு, அஞ்சு, மொத்த மார்க்குலயும் அதான் முதல். தூண் பாறை, அஞ்சு. சிவப்பு மண் பள்ளம், நாலரை. அந்தப் பள்ளத்துக்கு நானும் வந்திருக்கேன், நாலு ஆடும் ஒரு முள்ளுச் செடியும்தான் இருந்துது. கல்மரம் கிடக்கற இடம், அழகு ரெண்டு. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முந்தின மரம், அப்படியே கல்லாக் கிடக்குதுன்னு கல்யாணமான புதுசுல என்கிட்ட கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பேசினீங்களே, அந்த இடத்துக்கு ரெண்டு. ஏன்?

— வெளிச்சம் சரியில்லை அன்னைக்கு.

— அன்னைக்கு அவ லீவு. பக்கத்துல சுத்தியல்தான் கிடக்கு. அந்தப் படத்தையும் சேர்த்தா மொத்தம் நாப்பத்திரண்டு.

— அது வேற விஷயம்.

— எழுதி வெச்சுக்கோங்க அண்ணே. அவ இருந்தா அஞ்சு, இல்லைன்னா ரெண்டு. வாய்ப்பாடு மாதிரி வருது.

— என்னை ஏம்மா நடுவுல இழுக்கறே? ஆனா ஒண்ணு சொல்லுவேன் தம்பி, தப்பா நினைக்காதீங்க. முப்பது வருஷமா நான் படம் பாக்கற ஆளு. ஸ்டூடியோக்காரன் எடுத்தது, அப்பா எடுத்தது, அண்ணன் எடுத்தது, எது எதுன்னு பாத்தவுடனே சொல்லிடுவேன். அண்ணன் எடுத்தா காலு வெட்டுப்படும். அப்பா எடுத்தா வீட்டு வாசல் மொத்தமும் வரும், பொண்ணு எறும்பு மாதிரி நிக்கும். இந்தப் படத்துல பாருங்க, காத்துல முடி கலைஞ்சு, அது அடங்கற வரைக்கும் காத்திருந்து எடுத்த மாதிரி இருக்கு.

— நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்களேன்.

— டீ ஆச்சு தம்பி.

— என் மேல ஆணையா சொல்லட்டுமா? அவ என் தங்கச்சி வயசு. வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆகுது. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு, தப்பா ஒண்ணு கிடையாது.

— தப்பு நடந்துதுன்னு நான் சொல்லவே இல்லையே. காலையிலேருந்து நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். கல்லைப் பாக்கப் போன நீங்க அவளைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்க.

— பொய்.

— பொய்யா? அப்ப இந்த வளைவு படத்துக்கு வாங்க. அவ தோளுக்குப் பக்கத்துல நீலமா ஒண்ணு தெரியுதே, என்ன அது?

— தண்ணி பாட்டில்.

— யாரு பாட்டில்?

— ...நம்மளுதுதான்.

— மூடி உடைஞ்சு, நான் ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்த பாட்டில். வீட்டுல நான் ஒரு வாய் வெச்சுட்டா, "எச்சில் பண்ணிட்டியா"ன்னு கழுவிட்டுக் குடிக்கிற ஆளு நீங்க.

— தாகமா இருக்குன்னு சொன்னா, குடுத்தேன். அந்த வெயில்ல கேட்டா யாரா இருந்தாலும் குடுக்க மாட்டோமா? பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னா படம் நல்லா இருக்காதேன்னு பக்கத்து இடுக்குல சொருகச் சொன்னேன். அவ்வளவுதான்.

— அளவு எதுக்குங்க நல்லா இருக்கணும்? சுத்தியலுக்கு எப்பவாவது தலை வாரி விட்டிருக்கீங்களா?

— உன்கிட்ட வாய் குடுத்தவன் ஜெயிச்சதே இல்லை.

— இருங்க. எந்த இடுக்குல?

— அதான், வளைவைத் தாங்கற இடது கால்ல.

— இடது கால்ல இடுக்கு கிடையாதே.

— உனக்கென்ன தெரியும்?

— எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி இருபதாம் நாள், ஊர் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் மூணு மணி நேரம் அந்தக் காலுல சாய்ஞ்சு நிக்க வெச்சீங்க. அப்ப நான்தான் அளவு. என் முதுகுக்கு அந்தப் பாறையைத் தெரியும். வழவழன்னு இருக்கும். நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் மேலேருந்து கீழே ஓடும்.

— அந்தக் கோடுதான் அந்த இடுக்கு. விரிசல் அப்பவே இருந்துது.

— விரிசல் இருந்துது. பாட்டில் வைக்கிற இடம் இல்லை. அண்ணே, உங்க தலைக்கு மேல அந்தப் பச்சை அட்டை ஃபைல் இருக்கு பாருங்க, அதை எடுங்க. நான் அடிச்சுக் குடுத்த ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரதி வெச்சிருப்பேன். அது இல்லை, அதுக்கடுத்தது.

— இதுவாம்மா? தூசி கையெல்லாம் ஒட்டுது.

— அதேதான். இந்தாங்க. பன்னண்டு வருஷத்துக்கு முந்தி, உங்களுக்கு நான் அடிச்ச முதல் அறிக்கை. பதினேழாம் பக்கம்.

— தம்பி, இந்தப் படத்துல இருக்கறது யாரு? இடுப்புக்குக் கீழ ஒண்ணும் காணோமே.

— நான்தான் அண்ணே. வளைவு உச்சி வரைக்கும் முழுசா வரணும்னு கோணம் பாத்துப் பாத்து, கடைசில என் காலை வெட்டிட்டாரு. "அளவுக்கு இடுப்பு வரைக்கும் போதும்"னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் நான் பேசலை. படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க, படிங்க.

— "இடது காலில் மயிரிழை விரிசல். பிளேடு முனை நுழையவில்லை."

— இப்ப பாட்டில் நுழைஞ்சிருக்கு.

— ...படத்தைப் பெருசு பண்ணு.

— இதுக்கு மேல பண்ணினா உடையும்.

— உடையட்டும். இன்னும் கொஞ்சம். கீழே போ. அவ கையை விடு, கல்லுக்குப் போ. நிறுத்து. பாட்டில் எவ்வளவு தூரம் உள்ள போயிருக்கு?

— பாதிக்கு மேல.

— அந்தப் பாட்டில் என் பையிலதான் இருக்கு, எடு. ஸ்கேல் குடு.

— குறுக்கேதானே? நான் பிடிச்சுக்கறேன், நீங்க பாருங்க.

— ஏழரை சென்டிமீட்டர். பன்னண்டு வருஷத்துல ஏழரை. கடவுளே. அந்தக் கால் வெளிய நகர்ந்துக்கிட்டிருக்கு.

— மேல எப்படி இருக்குன்னு பாக்கலாம். விரிசல் உச்சி வரைக்கும் போகுதா?

— வேற படம் காட்டு. வளைவு படம் மொத்தம் ஆறு இருக்கும்.

— பாத்துட்டேன். ஆறுலயும் அவ தலையிலேருந்து செருப்பு வரைக்கும் முழுசா இருக்கா. வளைவோட உச்சி ஒண்ணுல கூட இல்லை.

— தங்கச்சி, நான் நாளைக்கு வந்து ஜெராக்ஸ் வாங்கிக்கறேம்மா. ஒண்ணும் அவசரம் இல்லை.

— மெஷின் இப்ப ஆறியிருக்கும் அண்ணே.

— இருக்கட்டும். நான் வர்றேன். வர்றேன் தம்பி.

— ...பாதுகாப்புக்கு அஞ்சுக்கு நாலு போட்டிருக்கீங்க. எதை வெச்சுப் போட்டீங்க?

— பழைய அறிக்கையில நாலு இருந்துது. அதையே எடுத்துப் போட்டேன். பாறை ஓடியா போயிடும்னு நினைச்சேன்.

— அங்க எவ்வளவு நேரம் இருந்தீங்க?

— நாலு மணி நேரம்.

— நாலு மணி நேரத்துல அந்த இடுக்குல ஒரு ஸ்கேலை வெச்சுப் பாக்கத் தோணலையா? ஒரு செங்கல் சுவத்துல கீறல் விட்டாலே பத்து நிமிஷம் நின்னு தடவிப் பாக்கற ஆளு நீங்க. நம்ம வீட்டுச் சமையல்கட்டு விரிசலுக்குப் பென்சில்ல தேதி போட்டு வெச்சிருக்கீங்க.

— கேக்காதே.

— படிக்கட்டு எங்கே வருது?

— இடது காலை ஒட்டி.

— மேடை?

— வளைவுக்கு நேர் அடியில. அங்கேருந்து பாத்தாதான் வானம் வட்டமாத் தெரியும்.

— ஒரு நேரத்துல எத்தனை பேரு நிக்கலாம்னு எழுதியிருக்கீங்க?

— அறுபது. பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னா தொண்ணூறு.

— மணி நாலு இருபது.

— வளைவை முதல் இடத்துலேருந்து எடு. எடுத்துட்டுக் கல்மரத்தை ஏத்து. அழகுக்கு நாலு போடு, அதுதான் நியாயம். வளைவுக்குப் பாதுகாப்பு பூஜ்யம். பொதுமக்கள் கிட்டயே போகக் கூடாது, முதல்ல வேலி போடணும், அப்புறம்தான் மத்ததுன்னு பெரிய எழுத்துல அடி.

— கல்மரத்துக்கு ரோடு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரோடு இல்லாத இடத்துக்குப் படிக்கட்டும் வராது, மேடையும் வராது. இந்த வருஷம் ஒண்ணுமே கட்ட மாட்டாங்க.

— தெரியும்.

— இந்த அறிக்கையும் பீரோவுக்குள்ள போயிடும்ங்க.

— போகட்டும். நீ அடி.

— அடிச்சுட்டேன். ரெண்டு மாசத்துக்கு முந்தி இதே வளைவுதான் முதல்னு டைரக்டர்கிட்ட வாய் வார்த்தையா சொல்லியிருக்கீங்க. இப்ப ஏன் மாறுச்சு, நேர்ல போனப்ப ஏன் தெரியலைன்னு கேப்பாரு.

— அதுக்குத்தான் மார்க் தாள்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கு. "பார்வைக்குத் தடையாக இருந்தவை." எதையாவது சரியாப் பாக்க முடியாமப் போச்சுன்னா காரணத்தை அங்க எழுதணும்.

— "எதுவும் இல்லை"ன்னு இருக்கு.

— அதை அழி.

— அழிச்சாச்சு. என்ன போடட்டும்? புதர் மறைச்சுதா?

— அங்க புல்லு கூடக் கிடையாது.

— மூடுபனியா?

— நல்ல வெயில். ஊசி விழுந்தாலும் தெரியும்.

— அப்ப என்னன்னு அடிக்கறது? ஜீப் வர்ற நேரமாச்சு, சொல்லுங்க.

— காலையிலேருந்து நீ சொல்லிக்கிட்டே இருக்கியே, அதையே அடி. அது பொய்யில்லை.