படிக்கட்டில் திரும்பாத பீரோ

அலோ... அலோ... யாரு, மனுசங்கதானே பேசறது? மிஷினு இல்லியே?... அப்பாடா. இம்மாம் நேரம் பாட்டு போட்டே சாவடிச்சிட்டீங்கமா. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு... ஆங். ஆங். ராயபுரத்துலேர்ந்து பேசறேன். அருள்நாதன். உன் பேரு இன்னாம்மா?... மதி. சரி மதிம்மா, வூடு படம் போடற சாப்ட்வேரு உங்களுதுதானே? அது என்னை பேஜார் பண்ணிகினு கீது. இன்னான்னு கொஞ்சம் பாரு.

...லாப்டாப்புதான். என் புள்ள, டெரிக்குன்னு பேரு, அவன்தான் போட்டுக் குடுத்துட்டு கப்பல் வேலைக்குப் போயிட்டான்... அவனைக் கேக்க முடியாதும்மா. நடுக்கடல்ல கீறான். டவரு கெடைச்சாதான் பேசுவான்.

...ஆமா ஆமா, நெசமாவே கட்டிகினு கீறோம். பழைய வூட்டை இடிச்சிட்டு மேல ஒரு மாடி. அதுவரைக்கும் எதிர்வூட்டுல வாடகைக்குக் குந்திகினு கீறோம். நாளைக்குக் காலையில குணசேகரன் மேஸ்திரி படிக்கட்டுக்குப் பலகை அடிக்கறாரு. 'படத்துல இன்னா கீதோ அதான் கட்டுவேன், இன்னிக்கே வாட்சப்புல அனுப்பு'ன்னுட்டாரு. காங்கிரீட்டு ஊத்திட்டா அப்பால ஒண்ணியும் பண்ண முடியாது. அத்தொட்டுதான் உன்னைப் புடிச்சேன்.

...சொல்றேன், சொல்றேன். ஒரு பீரோ. அதை மேல்மாடி ரூமுலேர்ந்து படிக்கட்டு வழியா கீழ எறக்கிப் பாக்கணும். படத்துலதான். திரும்புதா, முட்டுதான்னு... இர்ரும்மா... இரு...

...ஒண்ணும் இல்ல. இருமல். நெஞ்சு கொஞ்சம் சரியில்ல. நீ சொல்லு.

...ஸ்கிரீனை நீ பாப்பியா? எங்க அமுக்கணும்?... 'அனுமதி'... அமுக்கிட்டேன். தெரியுதா?... ஆங், அதான் பீரோ. தீப்பொட்டி மாதிரி கீது பாரு. ஆறுன்னு போட்டேன், இம்மாத்தூண்டு ஆயிடுச்சு... சென்டிமீட்டரா! அடின்னு மாத்தணுமா? எங்க... மேல... பல்லு சக்கரம் மாதிரி ஒண்ணு... ஆமா... அடி. இப்போ?... ஆறே கால் போடு. அகலம் ரெண்டேகால்.

...சோக்கா வந்துடுச்சு. ஆனா நிக்குதும்மா. அது நிக்கக்கூடாது. படுக்கப் போடணும்.

...தெரியும்மா, பீரோன்னா நிக்கும்தான். எனக்குப் படுக்கணும்... இல்ல, நேரா நிக்க வச்சி எறக்க முடியாது... கவுறு கட்டி? வேணாம்... பாரும்மா, ஆளுங்க சாய்ச்சி எறக்குவாங்கன்ற கதையெல்லாம் வேணாம். படுத்த மாதிரிதான் எறங்கணும். நீ வேற லிஸ்டுலேர்ந்து எதுனா எடு. சோபா, மேசை, எதுவோ. மல்லாக்கப் படுத்திருக்கற மாதிரி ஒண்ணு.

...இன்னா பீரோவா? சாதா பீரோதான். இரும்பு... இல்ல, மரம். கண்ணாடி இல்ல... நிக்க வச்சா இன்னா ஆயிடும்னு கேக்கறியா? திரும்பத் திரும்ப அதையே கேக்கறியே! நிக்க வச்சிதாம்மா எறக்கினோம் எங்க அண்ணனை! நாக்காலில குந்த வச்சி, மாரைச் சுத்திக் கட்டி, தலை இப்டி இப்டின்னு ஆடிகினு... தெருவே நின்னு பாத்துச்சு.

...

அலோ. மதிம்மா. கீறியா?

...நீ இன்னாத்துக்கு சாரி சொல்ற. நான்தான் கத்திட்டேன். உன் மேல கோவம் இல்ல. பீரோ இல்லம்மா அது. பொட்டி. சவப்பொட்டி.

...எனக்குத்தான்.

...அய்ய, அழுவாதம்மா. வேலை நேரத்துல அழுவக்கூடாது. ஹார்பர்ல மூட்டை தூக்கின ஒடம்பு இது. நெஞ்சு உள்ள சல்லடை மாதிரி ஆயிடுச்சு. டாக்டரு நல்ல மனுசன், மறைக்கல. 'கிறிஸ்துமசு பாப்பே அருள்நாதா, ஈஸ்டரு சொல்ல முடியாது'ன்னாரு. நான் மேல் ரூமுல படுக்கறதுக்காகத்தான் இந்த மாடியே. கீழ காத்து வராது, சந்து அவ்ளோ நெருக்கம். மேல ஜன்னலாண்ட குந்தினா ஹார்பரு கிரேனு தெரியும், கடல் காத்து நேரா மூஞ்சில அடிக்கும். அந்தக் காத்து இருந்தாதான் மூச்சு வுடுவேன்.

ஆனா மேல செத்தா எறக்கணும்ல? எங்க ஃப்ரெடி அண்ணன் பழைய வூட்டுல, மேல கூரை போட்ட ரூமுலதான் செத்தாரு. பொட்டியை மேல கொண்டாரப் பாத்தோம். படிக்கட்டு வளைவுல திரும்பவே இல்ல. சாய்ச்சி பாத்தோம், தூக்கி பாத்தோம். சாமியாரு கீழ ஜெபப்புத்தகத்தைப் புடிச்சிகினு நிக்கறாரு. அப்பால பொட்டியைக் கீழ வச்சிட்டு, ஆளை நாக்காலில கட்டி... என் பொஞ்சாதி சிலுவையம்மா மேல நின்னு பாத்துகினே இருந்தா. அன்னிலேர்ந்து அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ இன்னொரு தபா அதைப் பாக்கக்கூடாது. அவ்ளோதாம்மா விசயம். அவ பூசைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள முடிச்சுடணும்.

...ஆங், போடு... அதான், அது சரி. மல்லாந்துடுச்சு. இப்போ படியாண்ட இஸ்துகினு வா... கால் பக்கம் முன்னால வரணும்மா. எங்க ஆளுங்க கால் முன்னால வச்சிதான் வெளிய எடுப்போம், கால் வாசலைப் பாத்து இருக்கணும்... ஆமா. அப்டி... எறங்குது... எறங்குது... பாத்தியா! அங்கதான்! வளைவுல முட்டி செவப்பு ஆவுது பாரு. அதான் என் பேஜாரு.

...செவுத்தை நவுத்தலாமா? நவுரவே மாட்டேங்குதும்மா. காலையிலேர்ந்து இஸ்துகினு கீறேன்... பூட்டு போட்டிருக்கா? எங்க? ஓ, இந்த மாதா மெடல் மாதிரி சின்னதா கீதே, அதான் பூட்டா? டெரிக்குதான் போட்டிருப்பான், அப்பன் கலைச்சிடுவான்னு... எடுத்துட்டேன். நவுருது! ரெண்டு சாண் நவுத்து. பாத்ரூம்லேர்ந்து தின்னுக்கலாம்... ஆமா, பாத்ரூம் சின்னதாவும், பரவால்ல, ஒரு வாளி வைக்க எடம் கீது, போதும்.

இப்போ எறக்கு... மெதுவா... கால் பக்கம்... வளைவு... பச்சை! மதிம்மா, பச்சை! திரும்பிடுச்சு! நேரா வாசல் வரைக்கும் வந்துடுச்சு பாரு! நீ நல்லா இருப்பம்மா. ஆயிரம் வருசம்... இர்ரு... இரு...

...இருமல்தான். சந்தோசத்துல வந்துடுச்சு. சேவ் பண்ணிடு. எப்டி மேஸ்திரிக்கு அனுப்பறது, அதையும்...

ஐயோ.

இல்ல, உன்னை இல்லம்மா. அவ வந்துட்டா.

இன்னா சிலுவை, பூசை அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?... ஒண்ணும் இல்ல. கம்பெனிக்காரப் பொண்ணு. பீரோ... மேல எடுத்துகினு போறதுக்கு ஒரு பீரோ... ஏன் அப்டி பாக்கற?... லாப்டாப்பை வுடு... சிலுவை, அதெல்லாம் உனக்குப் புரியாது...

...அலோ. இல்லம்மா, போனை வெக்காத. கீறேன். அவ பாத்துகினு கீறா. படத்துல கீற பொட்டியையே பாத்துகினே கீறா.

...இன்னா?

...இன்னாடி சொல்ற?

மதிம்மா. இவ கேக்கறா, தூக்கற ஆளு எங்கன்றா.

...பொட்டி தனியாவா எறங்கும்னு கேக்கறா. ரெண்டு பக்கமும் ஆளு வேணாமான்றா.

...கடவுளே. வயசு பூரா தூக்கினவன் நானு. ரெண்டு தோளுக்கும் தழும்பு கீது. தூக்கறவனுக்கு எடம் வேணும்னு எனக்குத் தோணல பாரும்மா. பொட்டியை மட்டும் அளந்துட்டேன்.

...மனுசன் பொம்மை கீதா லிஸ்டுல? போடு... த்தூ, இன்னாம்மா இது, கோட்டு போட்டுகினு காப்பி கப்பு புடிச்சிகினு நிக்கறான். இவனா என்னைத் தூக்கப்போறான்?... சரி சரி, வேற ஆளு இல்லன்னா அவனே. நாலு பேரு போடு. இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டு... எறக்கு.

...செவப்பு.

...மேலயே செவப்பு ஆயிடுச்சே. மொதல் படியே... பாத்ரூமை முழுசா எடுத்துப் பாரு... எடுத்துட்டியா? அதுக்கும் செவப்புதானா? அந்தாண்ட செவுரு நம்பளுது இல்லம்மா, பக்கத்து வூட்டுக்காரனுது. அதைத் தொட முடியாது... வெளிய படிக்கட்டா? வெளிய ஏது எடம், சைக்கிள் வந்தா நாங்க செவுத்தோட ஒட்டிக்கற சந்து... வளைக்காம நேரா வுட்டா? ரோட்டுல போய் முடியும். காப்பரேசன்காரன் வந்து இடிப்பான்.

...வழி இல்லன்ற. ஆமா. ஆமா. புரியுது. சாப்ட்வேருல தப்பு இல்ல. எடம்தான் அவ்ளோ.

...ம்? இர்ரும்மா, இவ மவுசைப் புடுங்கிகினா. இன்னா பண்ற சிலுவை?... படத்துல கீற கட்டிலை எப்டி புடிக்கறதுன்னு உன்னைக் கேக்கறா. மதிம்மா, சொல்லாத. சொல்லாத... சொன்னா கேக்கறாளா, ஸ்பீக்கருல போட்டுட்டா பாரு... சிலுவை, வேணாம்டி. அதை ஏன் கீழ இஸ்துகினு போற? அது மேல் ரூமு கட்டில். ஜன்னலாண்ட போட்டது. டெரிக்கு பாத்துப் பாத்து வச்சது...

கீழ காத்து வராதுடி! மழை பேஞ்சா கால்வாத் தண்ணி கலீஜா உள்ள வரும், நான் அந்த நாத்தத்துல மூச்சு வுடணுமா?... செங்கல்லு அடுக்கித் தூக்கறியா. தூக்கு. காத்துக்கு இன்னா பண்ணுவ?... வாசக்கதவைத் தெறந்து வச்சிகினு நீ ராவெல்லாம் விசுறுவியா? எத்தினி நாளு? சொல்லு, எத்தினி நாளு விசுறுவ?

...

இன்னா?

...

...மதிம்மா. அன்னிக்கு எங்க அண்ணனை நாக்காலில கட்டினது இவ பொடவையாம். கவுறு கெடைக்கலன்னு யாரோ கத்தினாங்களாம், இவ போய் தன் பொடவையை எடுத்துக் குடுத்தாளாம். எனக்குத் தெரியாதும்மா. நான் கீழ குனிஞ்சி நாக்காலி காலைப் புடிச்சிகினு இருந்தேன். மேல யாரு இன்னா குடுத்தாங்கன்னு நான் பாக்கல. இவ்ளோ வருசம் சொல்லல. இப்போ சொல்றா, 'இன்னொரு பொடவை குடுக்க என்னால முடியாது'ன்றா.

...ஆங். கீறேன். கீறேன்மா.

சரி சிலுவை. சரி. அழுவாத. வை. நீ வைக்கற எடத்துலயே வை.

...எனக்குக் காத்து வேணும்தான். எனக்குப் பயமா கீது, மூச்சு முட்டி சாவறதுக்கு. அதை இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா இவ மூஞ்சைப் பாத்துகினு இன்னா சொல்றது... மேல் ரூமு டெரிக்கு வந்தா படுத்துக்கட்டும். அந்த ஜன்னலு அவனுக்கு இருக்கட்டும்.

...ஆமா, வாசலாண்டதான். கட்டிலைச் சுத்தி அந்தக் கோட்டுக்காரனுங்க நாலு பேரையும் நிக்க வைக்கச் சொல்றா. வை... பச்சைதானே? நாலு பேருக்கும் எடம் கீதா?... கதவு வரைக்கும் பச்சை. நல்லா தாராளமா.

...மேஸ்திரிக்கு இன்னா சொல்றது? மொதல்ல படத்துல இருந்த படிக்கட்டையே கட்டச் சொல்லிடறேன். பாத்ரூமை மறுபடி பழைய எடத்துலயே வச்சிடு... ஆமா, பிரச்சினை தீந்துடுச்சு. சேவ் பண்ணிட்டா. அவளே பண்ணிட்டா.

...இன்னாது? கட்டில் திரும்பி கீதா?... தலைமாடு செவுத்தோட ஒட்டி இருக்கணும், இப்போ கால் வாசலைப் பாத்து கீதுன்னு எச்சரிக்கை காட்டுதா?

...பாத்தேன் மதிம்மா. நானும் பாத்துட்டேன்.

...திருப்ப வேணாம். தெரியாம வைக்கல அவ. அப்டியே இருக்கட்டும்.

...போனை வைக்கறேம்மா.