உப்பளத்தில் எடுத்த படம்

பிள்ளைங்களா, இந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னக் கதைக்குப் போறேன். சின்னதுதான்... ஆனா சுகமான கதை இல்லை. நாளைக்கு நீங்க நர்ஸா வார்டுக்குள்ள நுழையப் போறீங்க. அதுக்கு முன்னால இதைக் கேட்டுட்டுப் போங்க.

நான் தூத்துக்குடிப் பக்கம் வக்கீலா இருந்தவன். அங்கே தேவசித்தம்னு ஒரு போட்டோகிராபர். கல்யாணம் எடுப்பார், சடங்கு எடுப்பார். போலீஸ் கூப்பிட்டா பிணமும் எடுப்பார். எண்பதுகள்ல நடந்தது, ஃபிலிம் காலம். கடல் காத்துல அவர் கேமரா கெட்டுப்போச்சு. சிங்கப்பூர்ல இருந்த மச்சான், புதுசு வாங்கிட்டு வர்றேன், எது வேணும்னு கேட்டு எழுதினார்.

ரெண்டு வகை இருந்தது. ரெண்டும் கைக்கு அடக்கமானது. ரெண்டுலயும் சின்ன ஜன்னல் வழியா பார்த்தா ஒரு ஆள் ரெண்டா தெரிவான். அந்த ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தா படம் தெளிவா விழும். வித்தியாசம் வெளிச்சத்துலதான். ஒண்ணுல, வெயில் எவ்வளவுன்னு நாமளே பார்த்து, கணிச்சு, எல்லாத்தையும் கையால வைக்கணும். இன்னொண்ணு பேட்டரி போட்டது, அதுவே அளந்துக்கும். வெளிச்சம் மீறினா உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரியும். வளையத்தைத் திருப்பினா அணையும். அணைஞ்சுதா... அமுக்கிட வேண்டியதுதான்.

ரெண்டு மாசம் யோசிச்சார் மனுஷன். கல்யாண வீட்டுல இவர் வளையத்தைத் திருகி முடிக்கிறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிருது. அதனால, தானா அளக்கிறதையே கொண்டு வரச் சொல்லி எழுதிட்டார். தப்பா? தப்பே இல்லை. மூணு வருஷம் ஒரு படம் வீணாகலை. ஆனா அந்த மூணு வருஷத்துல ஒரு பழக்கம் போயிருச்சு. வெளிச்சத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம்.

அப்பதான் சுடலைமணி செத்தான். உப்பளத் தொழிலாளி. வேலை செய்யற இடத்துல குடிக்கத் தண்ணி வைக்கணும்னு ஆள் சேர்த்துப் பேசினவன். ஒரு நாள் காலையில உப்புக் குவியல் பக்கத்துல பிணமாக் கிடந்தான். வழுக்கி விழுந்து மண்டை அடிபட்டதுன்னு காண்ட்ராக்டர் சொன்னார். அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் ஒத்துக்கலை.

தேவசித்தம் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சுத்தி எங்கே பார்த்தாலும் உப்பு... கண்ணு கூசுற வெள்ளை. நடுவுல அந்தக் கறுத்த உடம்பு. பேச்சித்தாய் குனிஞ்சு, புருஷன் கழுத்துல விரலை வச்சா.

"அண்ணாச்சி, இங்கே நெரிச்ச தடம் இருக்கு. இதை எடுங்க."

எடுக்கிறேம்மான்னாரு. ஜன்னல்ல கண்ணை வச்சார். சிவப்பு விளக்கு எரிஞ்சது. வளையத்தைத் திருப்பினார்... அணைஞ்சது. அமுக்கினார். ஆறு படம். ஆறும் அப்படித்தான்.

அந்தக் கேமராவுக்கு என்ன தெரியும் சொல்லுங்க? இது உப்பு, இது மனுஷன்னு தெரியுமா? வெள்ளை வெள்ளையா இவ்வளவு வெளிச்சம் வருதே, குறைன்னு அது குறைச்சிருச்சு. உப்பு சாம்பலாப் போச்சு. சுடலைமணி கரியாப் போனான். ஃபிலிம்ல கழுத்து இருக்கிற இடத்துல ஒண்ணுமே பதியலை.

சாயங்காலமே எரிச்சுட்டாங்க. டாக்டர் ரிப்போர்ட்ல மண்டைக் காயம் மட்டும்தான் இருந்தது. ஜனங்க ரோட்டுல உட்கார்ந்ததால வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அதுல காண்ட்ராக்டர் தரப்பு வக்கீல் யாரு தெரியுமா?

நான்தான்.

பேச்சித்தாய் கூண்டுல ஏறினா. படத்தைக் காட்டி, தடம் எங்கேம்மான்னு கேட்டேன். அவ விரல் மட்டும் அந்தப் படத்துல தெரியுது. உப்பு அப்பின விரல், அதனால தெரியுது. அது காட்டுற இடம் கறுப்பு. அவ படத்தைப் பார்த்தா... என்னைப் பார்த்தா.

அடுத்து தேவசித்தம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். படம் கிடக்கட்டும், அந்தத் தடத்தை நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா?

அவர் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரு மறுக்க முடியும்? நேர்மையான ஆளு...

"பார்க்கலை சார். நான் விளக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வழக்கு தள்ளுபடி. ஜெயிச்சேன். வாசல்ல பேச்சித்தாய் அவர்கிட்ட வந்தா. ஏசலை, அழலை.

"நான் தொட்டுக் காட்டினேனே அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னா. ஊரை விட்டுப் போயிட்டா. எங்கே போனாளோ, இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

தேவசித்தம் அதுக்கப்புறம் அந்தக் கையால வைக்கிற கேமராவும் ஒண்ணு வாங்கினார். கல்யாணத்துக்குப் பழையபடி தானா அளக்கிறதுதான். பிணம்னு கூப்பிட்டா மட்டும் புதுசு. போனதும் கேமராவைத் திறக்க மாட்டார். பக்கத்துல மண்டி போட்டு, தலையில இருந்து கால் வரைக்கும் கண்ணால பார்ப்பார். போலீஸ்காரங்க அவசரப்படுத்துவாங்க. எந்திரிக்க மாட்டார். சாகிற வரைக்கும் அப்படியே செஞ்சார். அதனால சுடலைமணிக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை.

என்னைக் கேட்டீங்கன்னா... நானும் படத்தைத்தான் பார்த்தேன். கூண்டுல நின்ன அந்தப் பொம்பளை முகத்தை நான் சரியா பார்க்கலை. பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? தெரியலை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடலை.

பிள்ளைங்களா, உங்க கையில நாளைக்கு எத்தனை மெஷின் கொடுக்கப் போறாங்க? நாடி பார்க்க ஒண்ணு, மூச்சைப் பார்க்க ஒண்ணு. எல்லாம் நல்ல மெஷின். வேண்டாம்னு நான் சொல்லலை. நம்பர் சரியா இருக்கும், விளக்கு எரியாது, மணி அடிக்காது. அந்த நேரத்துல கட்டில்ல கிடக்கிற ஒரு ஆளு, இங்கே என்னமோ பண்ணுதும்மான்னு சொல்லுவாங்க. அப்ப நீங்க எதைப் பார்ப்பீங்க?

அந்த ஆளைப் பாருங்க. குனிஞ்சு பாருங்க. மெஷின் அளந்துட்டுப் போயிடும்... பார்த்தியான்னு நாளைக்கு ஒருத்தர் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியது நீங்க.