படிக்கட்டுக்குச் சம்பங்கி

—அண்ணி, படிக்கட்டு முனையில வெச்ச சம்பங்கிக்குக் கடைசியா எப்போ தண்ணி மாத்தினீங்க?

—வந்ததும் வராததுமா இதானா? அத்தை இப்பதான் மாத்திரை போட்டுக்கிட்டுக் கண்ணசந்தாங்க. மெதுவாப் பேசு.

—பேச்சை மாத்தாதீங்க. அம்மா விழுந்துட்டாங்கன்னு அண்ணன் போன்ல சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. தண்ணி மாத்தாம பூ அழுகியிருக்கும், வாசனை செத்திருக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கு அங்க படி இருக்குன்னு வேற எது சொல்லும்?

—சரி, இருக்கட்டும். மாத்தலைன்னே வெச்சுக்கோ.

—வெச்சுக்கணுமா? கால் முறிஞ்சு கட்டுப் போட்டுக் கிடக்கிறாங்க! எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? படுக்கையறைக்கு ரோஜா, குளியலறைக்கு மல்லி, படிக்கட்டுக்குச் சம்பங்கி. மோந்து பார்த்தே வீடு முழுக்க நடந்துடலாம். ஓட்டல்ல பூ அடுக்கியே பொழைக்கிறவ, சும்மாவா சொல்வேன்?

—நீ அடுக்காத மூலை இந்த வீட்டுல ஏது தாயே! ரோஜாவுக்கு எடுப்பா இல்லேன்னு என் திரைச்சீலையை மாத்தின. மல்லிக்குப் பின்னால பச்சை வேணும்னு சுவருக்குப் பெயின்ட் அடிக்க வெச்ச. அத்தைக்குக் கண்ணு தெரியாது. அந்தக் கலரெல்லாம் யாருக்கு?

—உங்களுக்குத்தான்! அழுதுவடியற வீட்டுல கொஞ்சம் களை வரட்டும்னுதான். அது உங்களுக்கு எங்க பிடிச்சுது?

—பிடிக்கலைதான். ஞாயித்துக்கிழமை வந்து அழகா வெச்சுட்டுப் போறது நீ. உதிர்ந்ததைக் கூட்டுறது நான், எறும்பை விரட்டுறது நான். அந்த அழுகல் தண்ணி நாத்தம் என் கையை விட்டுப் போனதே இல்ல.

—சலிச்சுக்கிட்டே செஞ்சா இப்படித்தான் ஆகும்.

—முன்னெல்லாம் படிக்கட்டுச் சம்பங்கி சின்னக் குவளையில ஆணியில தொங்கும். அத்தை சுவரைத் தடவிக்கிட்டே வந்து, கைப்பிடி கையில பட்டதும் நிப்பாங்க. ஒருநாளும் விழுந்ததில்ல. போன மாசம் நீதான் அம்மாம் பெரிய ஜாடியைக் கொண்டாந்து தரையில நட்டு வெச்ச. பார்க்க லட்சணமா இருக்கும்னு.

—ஓகோ, கடைசியில தப்பு என் மேலயா? பூ வாசனையா இருந்திருந்தா ஜாடி எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாமப் போயிருக்குமா?

—சரி, இருக்கட்டும். உன்கிட்ட என்னத்தைச் சொல்ல.

—சொல்ல என்ன இருக்கு? அன்னைக்கு அடுப்புல பால் தீஞ்சு தெருவரைக்கும் நாறுச்சாமே! அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தும் ஒரு குரல் கொடுக்கலையாம். அண்ணன்தான் சொன்னான். வாயைத் திறக்கவே பயப்படுற அளவுக்கு அடக்கி வெச்சிருக்கீங்க.

—அப்படியா சொன்னார் உங்கண்ணன்?

—அவன் வேற சொல்லணுமா, எனக்கே தெரியும். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். அவனும் தலையாட்டிட்டான்.

—ஆட்டியிருப்பார். என்கிட்டதான் யாரும் கேக்கலை. அத்தைக்கு அந்தப் பெரிய காய்ச்சல் வந்தப்ப ராப்பகலாக் கண்ணு முழிச்சு, குளிப்பாட்டி, தலை வாரி, ராத்திரி எழுப்பிக் கூட்டிட்டுப் போய்... விடு. நீ வேலைக்குப் போயிட்டா அங்க பகல் முழுக்க யாரு பார்ப்பா?

—அது என் கவலை. முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க. வீடெல்லாம் மருந்து நெடி. பேருக்கு ஒரு பூ இல்ல.

—அவங்க விழுந்த கையோட எல்லாத்தையும் வாரிக் குப்பையில கொட்டினேன். ரோஜா, மல்லி ஒண்ணு விடல. நீயும் வெறுங்கையாத்தானே வந்திருக்க?

—வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வர்றவ பூவா கட்டிக்கிட்டிருப்பேன்? குத்திக் காட்டுறதுல மட்டும் உங்களுக்குக் குறைச்சலே இல்ல.

—யாரது? எம் பொண்ணா?

—நான்தாம்மா. எழுப்பிட்டோமா? ரொம்ப வலிக்குதா?

—கால் கிடக்குது விடு. நீ பேசறதுக்கு முன்னாடியே வாசனை உன்னைக் காட்டிக் கொடுத்துடுச்சுடி. இன்னைக்கு மல்லிதானே? அடேயப்பா, ரூமே கமகமங்குது!

—அம்மா...

—நான் விழுந்துட்டேன்னு இதை நிறுத்திப்புடாத. மூக்குதான் எனக்குக் கண்ணு. பூ மாத்தவாவது நீ வாராவாரம் வரணும். அதில்லேன்னா உனக்கு இங்க வர நேரம் ஏது? சொல்லுடி, மல்லிதானே?

—அண்ணி... நான் ஒண்ணுமே கொண்டுவரலையே.

—உஷ். ஆமாம்மான்னு சொல்லு. அந்தப் பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் நான் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.