உள்பக்கம் திறக்கிற கதவு

— பேசாம வண்டிய எடு மாப்ள. மொதல்ல சாவியத் திருகு, மத்ததெல்லாம் போற வழியில சொல்றேன்.

— எங்கன்னு சொல்லாம எப்படிங்க மாமா எடுக்கறது? பாடாலூர விட்டுக் கெளம்பி எந்தப் பக்கம் திரும்ப? திருச்சிப் பக்கமா, பெரம்பலூர்ப் பக்கமா?

— அரியலூரு. நேத்து ஒன் வண்டியில ஒரு கம்பிச் சட்டத்த ஏத்திட்டுப் போயி எறக்குனியே, அந்தக் கல்லு வெட்டுன குழிக்கு.

— நம்ம தென்றலு கிளாஸ் எடுக்கற எடமா? அட சாமி, அவதான் இன்னக்கி நம்மள வரவே கூடாதுன்னு சொல்லிட்டாளே. அப்பா கரையில நின்னா எனக்குக் கை கால் ஓடாது மாமான்னா.

— மணி என்ன?

— பத்து தாண்டி அஞ்சு நிமிசம்.

— பதினோரு மணிக்குத் தண்ணியில எறங்குறா. அழுத்து மாப்ள.

— அழுத்தறேன், அழுத்தறேன். ஒங்களுக்கு ஏங்க இப்படி வேர்த்துக் கொட்டுது? வெல்டிங் பட்டறையில யாருக்காச்சும் ஷாக் கீக் அடிச்சிருச்சா?

— நாயி.

— நாயா?

— பட்டறையில கெடக்குமே, அந்தச் செவல நாயி. நான் ரெண்டு சட்டம் செஞ்சேன்ல? ஒண்ண நீ கொண்டுபோயிட்ட. இன்னொண்ணு செவுத்து மூலையில சாத்தி வச்சிருந்தேன். நாயி அந்தச் சட்டத்துக் கதவ மூக்கால தள்ளிட்டு உள்ள போயிப் படுத்துக்கிச்சு. காலையில வெளிய வரப் பாக்குது. முட்டுது, பெறாண்டுது, ஊளை வுடுது. கதவு அசையல.

— தாப்பா வுழுந்திருக்கும்.

— தாப்பாவே வெக்கலடா. கதவு உள்பக்கமாத் தெறக்குது. உள்ளேருந்து முட்டுனா எப்படித் தெறக்கும்? முட்ட முட்ட இறுகத்தான் செய்யும். எலிப்பொறி செஞ்சு அனுப்பியிருக்கேன் மாப்ள. எம் பொண்ணுக்கு நானே எலிப்பொறி செஞ்சு குடுத்திருக்கேன்.

— இருங்க, இருங்க. எல்லா வூட்டுலயும் கதவு உள்பக்கமாத்தானே தெறக்குது?

— அதே நெனப்புதான் எனக்கும்! முப்பது வருசமா கதவு மாட்டுறேன். எவனாச்சும் தலைவாசக் கதவ வெளிப்பக்கமாத் தெறக்க வுடுவானா? வர்ற லட்சுமிய மூஞ்சில அடிச்சு வெரட்டுற மாதிரின்னு வூட்டுக்காரனே ஒத்துக்க மாட்டான். பாப்பா குடுத்த படத்துல அம்புக்குறி வெளிப்பக்கமாத்தான் இருந்துச்சு. படிச்ச புள்ளைக்குக் கதவப் பத்தி என்ன தெரியும்னு நானே திருப்பி மாட்டுனேன். கீலத் தடவிப் பாத்து, நூல் பிசகாம ஒக்காந்திருக்குன்னு பெருமை வேற.

— சரிங்க மாமா, அது வலையில மாட்டுற ஆமை வெளிய போவத்தானே கதவு? இந்த ஊர்ல கடல் ஆமைக்கு எங்க போறது? சும்மா எதையாச்சும் உள்ள வுட்டுக் காட்டுவாங்க. இதுக்குப் போயி...

— ஆமையா போறதே அவதான்டா!

— என்னது?

— வலைக்குள்ள பூந்து போறது நம்ம தென்றலு. நீ நேத்து எறக்குற எடத்துல அவ சொல்லலியா?

— தான் உள்ள போறத எங்கிட்ட சொல்லல மாமா. கடல்காரங்களுக்குப் பாடம், ஆமைக்குக் கதவுன்னு மட்டுந்தான் சொன்னா.

— கடல்ல தண்ணி கலங்கலா இருக்குமாம், அடியில நடக்கறது கண்ணுக்குத் தெரியாதாம். சுண்ணாம்புக்கல்லு வெட்டிப்போட்ட அந்தக் குழியில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில கெடக்குற கல்ல எண்ணலாம். அதுக்காவத்தான் நாகப்பட்டினம் பக்கத்துலேருந்து விசைப்படகு டிரைவருங்க பதினெட்டு பேர பஸ் வச்சுக் கூட்டியாந்திருக்காங்க. ரெண்டு படகுல கட்டி மடிய இழுப்பாங்களாம்.

— மடின்னா?

— இழுக்கற வலை. வாய் அகலமா இருக்கும், போகப் போகக் குறுகும். நடுவுல என் சட்டம். எறா கம்பிச் சந்துல பூந்து பின்னாடி பைக்குப் போயிரும். ஆமை பெருசு, கம்பியில முட்டும், அப்படியே கதவத் தள்ளிட்டு வெளிய போயிரும். "அந்த ஆமை மாதிரி நானே போயிக் காட்டறேம்ப்பா, அப்பத்தான் நம்புவாங்க"ன்னா.

— கதவு தெறக்கலன்னா வந்த வழியாவே திரும்பிட்டுப் போறா.

— எப்படித் திரும்புவா? வலை ஓடிக்கிட்டே இருக்கும். தண்ணி பின்னாலேருந்து தள்ளும். திரும்ப எடமே இருக்காது, முன்னாடி மட்டுந்தான் போவ முடியும்னு அவதான் வெளக்கமாச் சொன்னா. நான் டீயக் குடிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனேன்.

— போனப் போடுங்க!

— இருவது தரம் போட்டாச்சு. குழிக்குள்ள டவர் கெடைக்காதுடா.

— கூட வேலை செய்யறானே, ஜெயப்பிரகாஷு? அவனுக்கு?

— அதே குழியிலதான அவனும் இருக்கான்.

— அட சாமி. அக்காகிட்ட சொன்னீங்களா?

— சொன்னா அவ தாங்குவாளா? வெங்காயம் காய வெக்கப் போயிருக்கா. கொல்லையிலயே இருக்கட்டும்.

— பயப்படாதீங்க மாமா. கேட்டீங்களா, அவ சாதாரண நீச்சக்காரி இல்ல. கெணத்துல முங்குனா நாம எண்ணி எண்ணி அலுத்துப் போயிருவோம்.

— ரெண்டு நிமிசம் அடக்குவா. அதுக்கு மேல?

— அதுக்கு மேல கத்தி இருக்குதுல்ல! நேத்து எடுத்துக் காட்டுனா. ஒறையோட இடுப்புல கட்டிக்குவாளாம். எதுக்குன்னு இப்பத்தான் புரியுது, மாட்டிக்கிட்டா வலைய ஒரே கிழி.

— கத்தியா? நெசமாவா?

— எங் கையால தொட்டுப் பாத்தேன் மாமா. நல்லா கெழங்காட்டம் புடி. செவப்பு ஒறை.

— காளியாத்தா! இத ஏன்டா முன்னாடியே சொல்லல? இப்பத்தான் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் எறங்குது.

— அதான் சொல்றேன். நீங்க... அடச்சே, சிறுவாச்சூரு. இன்னக்கித் திங்கக்கிழமை. கோயில் கூட்டம் ரோட்டுக்கே வந்துருச்சு பாருங்க.

— ஆரன் அடி!

— சாமி கும்புட வந்தவங்க மேல ஏத்தவா சொல்றீங்க? ஆத்தாளுக்கு நேந்துக்கங்க மாமா, வழி வுடுவா.

— நேந்துக்கிட்டேன். மொட்டை போடறேன்னு நேந்துக்கிட்டேன், போ.

— அந்தச் சந்துல பூந்துரலாம். கெட்டியாப் புடிச்சுக்கங்க.

— மாப்ள, ஒண்ணு கேக்கறேன். நேத்து நீ எறக்குனப்ப பாப்பா அந்தக் கதவப் பாத்தாளா?

— பாத்தாளே. தெறந்து தெறந்து மூடிப் பாத்தா. உள்ள கைய வுட்டுத் தள்ளியும் பாத்தா.

— தள்ளிப் பாத்தாளா? என்ன சொன்னா?

— கீல இன்னொரு தரம் தடவிப் பாத்தா. அப்பறம் சிரிச்சா. "அப்பா வேலை அப்பா வேலைதான் மாமா"ன்னா.

— என் வேலைன்னு நம்பிட்டா. பாவி மக, நம்பிட்டா. எதுவானாலும் அப்பா சரியாத்தான் செஞ்சிருப்பாருன்னு...

— அழுவாதீங்க மாமா. நீங்க அழுதா எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது.

— போன மாசம் வூட்டுக்கு வந்திருந்தப்ப சொன்னா. ஆமை கரையில ஒதுங்கிச் செத்துக் கெடக்குதாம். ஒடம்புல ஒரு கீறல் இல்லியாம். வலைக்குள்ள மூச்சு முட்டியே செத்துப் போவுதுன்னா. நான் சிரிச்சேன்டா. தண்ணியிலயே கெடக்குற சீவனுக்குத் தண்ணியில மூச்சு முட்டுமான்னு சிரிச்சேன். அதுக்கும் நம்ம மாதிரி நொரையீரல்தாம்ப்பா, மேல வந்து மூச்சு வாங்கணும்ப்பான்னா. நீயும் அந்த டிரைவருங்க மாதிரியே பேசறியேன்னு மொகம் வாடிப் போச்சு.

— அவங்களும் அப்படித்தான் பேசறாங்களாமா?

— ரெண்டு தரம் கூட்டம் போட்டாளாம். செல்லுல படம் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். அழகேசன்னு ஒருத்தரு, முப்பது வருசம் கடல்ல கெடந்தவரு, "ஏம்மா, பெரம்பலூர்ல வெங்காயம் புடுங்கற புள்ள எனக்கு ஆமையக் காட்டுறியா"ன்னாராம். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சிருக்காங்க. இந்தத் தரமும் கேக்கலன்னா வேலைய வுட்டுடறேம்ப்பான்னா.

— குன்னம் தாண்டிட்டோம் மாமா.

— மணி?

— பத்தே முக்கால்.

— போ.

— முன்னாடி கல்லு லாரிங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா போவுது. எதுக்கவும் வருது.

— ஏறிப் போ!

— மாமா, நான் ரெண்டு புள்ளைக்கு அப்பன். ஏற முடிஞ்சா ஏற மாட்டேனா? எனக்கும் அவ மருமவதான், இந்தத் தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான்.

— மன்னிச்சுக்க. வாய் தவறிச் சொல்லிட்டேன் மாப்ள. இந்தக் கைதான் கதவத் திருப்பி மாட்டுச்சு. அவ இப்ப சட்டத்துக்கிட்ட போயிருப்பா. கதவுல கைய வெப்பா. தள்ளுவா. அப்பாதானே செஞ்சாருன்னு இன்னொரு தரம் தள்ளுவா.

— கத்தி இருக்குது மாமா. கத்தி இருக்குது. அதையே நெனைங்க.

— மணி சொல்லாத. கேக்கவும் மாட்டேன்.

— அந்தா, மண்ணு மேடு தெரியுது. அந்த மேட்டுக்குப் பின்னாலதான் குழி. பஸ்ஸு நிக்குது பாருங்க.

— பஸ்ல யாரும் இல்லியே. மேட்டு மேலயும் ஒரு ஆளு இல்ல. எல்லாரும் எங்கடா?

— கீழ தண்ணிகிட்ட இருப்பாங்க. எறங்குங்க. மாமா, ஓடாதீங்க, சரளைக்கல்லு, வழுக்கும்! மாமா!

— படகு ரெண்டும் நட்டாத்துல நிக்குற மாதிரி நிக்குது. ஆளே இல்ல அதுல. எல்லாம் தண்ணிக்குள்ள குதிச்சிருக்காங்க மாப்ள, துணியோட நனைஞ்சு நிக்குறாங்க பாரு. சுத்தி நிக்குறாங்க. நடுவுல யாரையோ படுக்க வச்சிருக்காங்க.

— படுக்க வெக்கல மாமா, நல்லாப் பாருங்க! ஒக்காந்திருக்கா! இருமுறா! உசுரோட இருக்கா மாமா!

— பாப்பா! அய்யோ பாப்பா! ஒனக்கு ஒண்ணும் இல்லியே? மூச்சு வருதா? என்னப் பாரு.

— அப்பா? உன்ன... உன்ன யாருப்பா வரச் சொன்னது?

— பேசாத, பேசாத. மொதல்ல மூச்ச வாங்கு.

— வாங்கிட்டேம்ப்பா. நல்லாருக்கேன். தொண்டைதான் எரியுது.

— தென்றலு, ஒதடெல்லாம் நீலமா இருக்குதேடா. இந்தா, இந்தத் துண்டப் போத்து. யாருடா தூக்குனது?

— அந்தா நிக்குறாரே, மீசையில தண்ணி சொட்ட, அவருதான் மாமா. அழகேசன். அவரு மொதல்ல குதிச்சாராம். பின்னாடியே பதினேழு பேரும். அவரு இடுப்புக் கத்தியாலதான் மடியக் கிழிச்சாங்க.

— சாமி, ஒங்கள எப்படிக் கும்புடறதுன்னே தெரியல. எம் பொண்ணு உசுரக் குடுத்தீங்க.

— அவரு காதுல இப்ப எதுவும் ஏறாதுப்பா. அப்பலேருந்து அழுதுக்கிட்டே இருக்காரு. மேலேருந்து எல்லாம் பாத்திருக்காங்க. நான் முட்டுறது, கம்பியப் புடிச்சு ஆட்டுறது, வாயிலேருந்து காத்து போறது. "மூணு மணி நேரம் இழுக்கறமேம்மா, இப்படித்தான் உள்ள கெடந்து துடிக்குமா"ன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு.

— எல்லாம் நான் செஞ்ச தப்பு பாப்பா. கதவத் திருப்பி மாட்டிட்டேன். ஒன் அம்புக்குறிய மதிக்கல. என்னச் செருப்பால அடி.

— வுடுப்பா. பதினெட்டு பேரும் சட்டம் கேக்குறாங்க. அடுத்த பயணத்துக்குள்ள வேணுமாம். வெளிப்பக்கமாத் தெறக்கற மாதிரி செஞ்சு குடு.

— குடுக்கறேன்டா. ராவும் பகலும் ஒக்காந்து செஞ்சு குடுக்கறேன். ரொம்பப் பயந்துட்டியா?

— தொண்ணூறு எண்ணுற வரைக்கும் பயமில்ல. அப்பறம் அம்மா மொகம் வந்துச்சு. அப்பறம் எண்ணிக்கை மறந்து போச்சு. அப்பத்தாம்ப்பா பயந்தேன்.

— மாமா, இங்க வாங்க. இவ பையத் தூக்குனேன், மேலாப்புலயே இது கெடக்குது.

— என்னடா அது?

— அதே செவப்பு ஒறை. கத்தி உள்ளயே இருக்குது. காஞ்சு போயி இருக்குதுங்க, ஒரு சொட்டுத் தண்ணி படல.

— பாப்பா... நேத்து நீ கதவத் தள்ளிப் பாத்தியாமே. தெறக்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?

— தெரியும்ப்பா.

— தெரிஞ்சுமா உள்ள போன? சரி போன, இந்தக் கத்தியையாச்சும் இடுப்புல கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல? ஏன்டா கரையிலயே வச்சுட்டுப் போன?

— ஆமைக்கு ஏதுப்பா கத்தி?