தடைக்காலத்துக்கு வைத்திருந்த முடிவு

மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிற எவனாலும் ஒரு பெரிய கேமை விளையாடி முடிக்க முடியாது. சார் விளையாடுகிற ஆள் மாதிரித் தெரியவில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை இது. பெரிய கதை. நாமே ஒரு ஆளாக அதற்குள் போய், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். வேலை, வீடு, கோயில் கமிட்டி என்று இருக்கிறவன் அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவான்?

ஆன்டனி ராஜ் பாம்பனில் விசைப்படகு ஓட்டினான். என் தங்கை பிரெசில்லாவைக் கட்டியவன். நான் படகுச் சங்கத்தில் வயர்லெஸ் பார்க்கிறவன். மீன்பிடிக்கத் தடை போடுகிற அந்த இரண்டு மாதமும் அவனுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. காலையில் வலை, இஞ்சின் வேலைகளை முடித்துவிட்டு வருவான். சாப்பிட்டதும் அவன் வீட்டு டிவி முன்னால் உட்காருவோம். ஒரே கதை, ஒரே ஆள், கேம் ரிமோட்டை மாற்றி மாற்றிப் பிடிப்போம். தடை முடிந்து படகு இறங்கினால் அப்படியே நிறுத்திவிட வேண்டும், தனியாக யாரும் தொடக் கூடாது என்பது பேச்சு. மூன்று வருஷம் அப்படி விளையாடினோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை சார். அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டினேன்.

கதையில் எங்களோடு கால் தாங்கி நடக்கிற மந்திரக்காரி ஒருத்தி வந்தாள். பூமணி என்று நான்தான் பெயர் வைத்தேன். கடைசிக் கட்டத்தில் கோட்டைக் கதவை அடைக்க யாராவது ஒருவர் உள்ளே தங்கிச் சாக வேண்டும். அவளா, நாங்களா என்று எங்களுக்குள் ஒரே சண்டை. அடுத்த தடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். சந்தோஷமான சண்டை அது.

மாசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து வீட்டோடு கிடந்தான். தேறி வந்தவன் படகுத் துறையில் டீ குடிக்கும்போது நாலு பேர் முன்னால் சொன்னான்.

"மச்சான், கேம முடிச்சுட்டேன். பூமணிய உள்ள விட்டுட்டு வந்துட்டேன்."

நான் சிரித்தேன். "ஏன் மச்சான், என்னையக் கூப்பிடல?"

"நீ டூட்டில இருந்த. அதுக்குன்னு காத்துக்கிட்டே கெடக்கச் சொல்றியா? வெளையாட்டுதான மச்சான்."

பிரெசில்லாவும் அதையேதான் சொன்னாள். "விடுண்ணே, மொதல்லருந்து ஆடுங்க." துரோகம் என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை. அந்த வருஷத் தடைக்கு வேறொரு கேம் வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டான். தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மாதமும் அறையில் சும்மா கிடந்தேன்.

சங்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. இஞ்சின் நின்ற படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வர வேண்டும். முன்பெல்லாம் வயர்லெஸில் கேட்ட படகுகள் அத்தனையும் திரும்பிப் போய், டீசலும் வீணாகி, மீனும் இல்லாமல், கரைக்கு வந்து அடிதடியாகும். அதனால் ஆபீஸிலிருந்து "பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் வேறு யாரும் போகக் கூடாது. எந்தப் படகு போக வேண்டும் என்று ஆபீஸே சொல்லும். ஆபீஸ் என்றால் நான்தான்.

தடை முடிந்து சில நாளில், ஒரு மத்தியானம் கூப்பிட்டான். கச்சான், அதுதான் மேற்குக் காற்று, பலமாக இருந்தது.

"மச்சான், இஞ்சின் நின்னுபோச்சு. காத்து வெளிய தள்ளுது. ஒரு போட்ட அனுப்பு."

"பாத்துக்கிறோம், அங்கனயே இரு" என்றேன். திரும்பிக்கொண்டிருந்த படகுகளும் அதைக் கேட்டன. கேட்டுவிட்டுக் கரைக்கு வந்தன. அது அவர்கள் தப்பில்லை. நான் யாரையும் அனுப்பவில்லை.

சாகடிக்க நினைக்கவில்லை சார். காத்துக்கொண்டு கிடப்பது என்றால் என்னவென்று அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இரண்டாவது தடவை, தண்ணீர் உள்ளே வருகிறது என்றான். "போட் வந்துக்கிட்டுருக்கு மச்சான்" என்றேன். என் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதற்குள் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்துவிட்டன. அவன் கூப்பிட்டால் கேட்பதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

அவனோடு போன மற்ற மூன்று பேரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களோடு எனக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை இரைச்சல்தான் அதிகமாக வந்தது. மச்சான் என்று சொல்லவில்லை. "யாராச்சும் இருக்கீங்களா? யாராச்சும்" என்றான். மைக் என் கையில்தான் இருந்தது. ஒரு படகை அனுப்ப அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் அவன் என்னைக் கூப்பிடவில்லையே சார்.