மலையில் பேசிய சைக்கிள்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர். ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தும் மற்றவர் நின்றுகொண்டே வந்தார். நின்றவர் வியட்நாமில் ஒரு மாதம் தனியாக சைக்கிள் ஓட்டிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“உட்காருடா.”

“அதுக்கு இன்னும் ஒரு வாரம் ஆவும்.”

“காலு வலியா?”

“காலு இல்ல, சீட்டுல உட்காந்து உட்காந்து பின்னாடி புண்ணாப்போச்சு, அது பரவால்ல. மனசுதான் கெட்டுப்போச்சு. பேச ஆளில்லாம ஒரு நாளு சைக்கிள்கிட்ட பேசினேன். அது பதில் சொல்லிச்சு.”

நான் வெளியே பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“தமிழ்லயா?”

“தெலுங்குல.”

“உனக்குத் தெலுங்கே வராதே.”

“அதான் பயந்துட்டேன். மலையில பாதிகூட ஏறல, மழை வேற. ரோட்டோரமா உட்காந்து அழுதேன். வீட்டுக்காரிக்கு போன் பண்ணி, என்னால முடியல, திரும்பி வந்துடறேன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘ஊர் முனையில உங்க தம்பி பிளெக்ஸ் வெச்சிட்டாரு. அதுல மலை உச்சியில கையத் தூக்கிட்டு நிக்கிறீங்க’ன்னா.”

“நீ என்ன பண்ண?”

“கண்ணத் தொடச்சிட்டு ஏறினேன். உச்சிக்குப் போயி கையத் தூக்கினேன். போட்டோ எடுக்கத்தான் யாருமில்ல.”

“பிளெக்ஸாவது பாத்தியா?”

“நான் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி காத்துல விழுந்துடுச்சாம். இப்ப பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டாய்க்கு அதான் கூரை. ஒழுகலையாம்.”