ஜெயில் கட்டும் மாப்பிள்ளை

— கட்டிக்கப்போற பொண்ணு தனிக்குடித்தனம் கேக்குது, நீ இன்னாடான்னா காலைலேர்ந்து ஜெயில் கட்டினு கீற!

— அம்மா, இது கம்ப்யூட்டர் ஜெயிலும்மா. பெங்களூர் ஆபீஸ் வேலை. அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்.

— கம்ப்யூட்டர்ல எவன்டா தப்பு பண்ணான், ராஜேசு?

— எவனும் பண்ணல. ஒரே யூனிக்ஸ் மிஷின அஞ்சு கம்பெனிக்காரங்க பொழங்குறாங்க. ஒருத்தன் கைய வெச்சா இன்னொருத்தனுது கெட்டுப்போவுது. அதான் ஆளுக்கொரு ரூம் மாதிரி பிரிச்சி வுடறேன். அதுக்குப் பேரு ஜெயில்.

— தப்பே பண்ணாதவனுக்கு ஜெயிலா? முப்பது வருசம் பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ நானு. நான்கூட அப்படிப் பண்ணது இல்ல. செரி, உள்ள சோறு தண்ணிக்கு இன்னா வழி?

— எல்லாம் நாமதான் காப்பி பண்ணி உள்ள வெக்கணும். ஒரு புரோகிராம வெச்சிட்டு, அது ஓடறதுக்கு வேண்டிய லைப்ரரி ஃபைல வுட்டுட்டா அப்படியே நின்னுபூடும். இன்னிக்கி ரெண்டு தபா நின்னுச்சி.

— அரிசியக் குடுத்துட்டு அடுப்பக் குடுக்கல. புது வார்டனுங்க எல்லாம் பண்றதுதான். செவுரு ஏறிக் குதிச்சா?

— குதிக்க மாட்டான்மா. செவுரு கீதுன்னே அவனுக்குத் தெரியாது. அந்த ரூமுதான் முழு மிஷின்னு நெனச்சிகுவான். உள்ள அவன்தான் ரூட்டு. ரூட்டுன்னா ராஜா. இன்னா வேணா பண்ணிக்கலாம்.

— வெளிய கீறவனுக்கு?

— அவனுக்கு உள்ள நடக்கறது பூரா தெரியும். நெனச்சா இழுத்துச் சாத்திட்டுப் போய்டலாம்.

— திருப்பிச் சொல்லு.

— எதம்மா?

— உள்ள கீறவ தனியா கீறோம்னு நெனச்சிகினு சந்தோசமா இருப்பா. வெளிய கீறவளுக்கு எல்லாம் தெரியும். அதான?

— ‘அவ’ன்னு நான் சொல்லவே இல்லியே!

— அடப்பாவி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? மூணு மாசமா எனக்கு சோறு எறங்கல. நீ மலைய வுட்டுக் கீழ போய்ட்டா நான் இந்த வூட்ல பல்லிகிட்டயாடா பேசினு இருப்பேன்? பின்கட்டத் தடுத்துடு. அவளுக்குத் தனி அடுப்பு, தனி வாசப்படி, தனி மீட்டரு. போளூர்ப் பொண்ணு அத தனிக்குடித்தனம்னு நெனச்சிகட்டும். சாவி எங்கிட்ட. போனப் போடு.

— வேணாம்மா. நானே அப்பறமா பக்குவமா சொல்றேன்.

— ஜமுனாமரத்தூர் குளிர்ல உனக்கு மூஞ்சி ஏன் வேர்க்குது? ஸ்பீக்கர்ல போடு. அலோ, கீதாஞ்சலியா?

— சொல்லுங்க அத்த. நல்லா கீறீங்களா?

— நல்லா கீறேன். உனக்குப் பின்கட்டுல ஒரு ஜெயிலு... ச்சீ, தனிக்குடித்தனம் கட்டறோம்.

— ஜெயிலா?

— நல்ல ஜெயிலும்மா! உள்ள நீதான் ராஜா. வெளிய நான் இருப்பேன். ஆனா நான் கீறதே உனக்குத் தெரியாது.

— நீங்க கீறது தெரியாம எப்படி அத்த போவும்?

— அதெல்லாம் ராஜேசு செட் பண்ணிடுவான். இதான் என் முடிவு. ஒத்துகினா தை மாசம் கல்யாணம். இல்லன்னா கல்யாணமே கெடையாது. நான் ஒருத்தி தலையாட்டாம எம் புள்ளைக்கு ஒண்ணும் நடக்காது.

— அம்மா, போன வெச்சிடு. கீதா, நீயாச்சும் வெச்சிடு, உன் கால்ல வுழறேன்!

— இல்லீங்க, எனக்கு மனசு கேக்கல. எத்தினி நாளைக்கிங்க மறைக்கிறது? பாவம், அவங்க தை மாசம் வரைக்கும் கணக்குப் போட்டுனு கீறாங்க.

— எத மறைக்கிற? யாருடி பாவம்?

— கோச்சிக்காதீங்க அத்த. போளூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்களுக்குக் கல்யாணம் ஆயி இன்னியோட நாப்பது நாளு. இந்த நாப்பது நாளா உள்ள கீறது நீங்கதான்.